முடிக்க ஆளில்லாத பத்தியம்

பல் டாக்டரிடம் யாரும் முதலில் வருவதில்லை. கிராம்பு, உப்புத் தண்ணீர், பக்கத்து வீட்டுக்காரர் யோசனை எல்லாம் தோற்ற பிறகு கடைசியாகத்தான் வருவார்கள். நீங்களும் அப்படித்தான், மறுக்க வேண்டாம். எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் நான் கிளினிக் வைத்த புதிதில், செல்லையாவும் அப்படித்தான் வந்தார்.

ஷிப்டுக்கு நேரமாச்சு

செல்லையா மம்சாபுரத்துக்காரர், நூல் மில்லில் வேலை. முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். வாயைத் திறந்ததும் எனக்குத் திக்கென்றது. ஈறெல்லாம் ஊதா நிறத்தில் வீங்கி, தொட்டால் ரத்தம். முன்பல் இரண்டு ஆடின. காலைப் பார்த்தேன், சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். ரத்தத்திலேயே பெரிய வியாதியோ என்று பயந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ரத்தப் பரிசோதனை செய்து வரும்படி சீட்டு எழுதினேன். கூட வந்த மனைவி மாரியம்மாள் என் முகத்தைப் பார்த்தே பயந்துவிட்டாள். செல்லையாவோ, “ஆடுற ரெண்டையும் புடுங்கி விட்டுருங்க சார், எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு” என்றார்.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி

மூன்றாம் நாள் ரிசல்ட் வந்தது. பயந்தது எதுவுமில்லை; கொஞ்சம் ரத்தசோகை, அவ்வளவுதான். மாரியம்மாள் அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அப்புறம்தான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்: “என்ன சாப்பிடுறீங்க?”

கஞ்சி, பால்சோறு, பருப்புத் துவையல். காய்? வாய்வு. எலுமிச்சை, தக்காளி, கொய்யா? புளிப்பு, ஆகாது. எட்டு மாதத்துக்கு முன் மஞ்சள்காமாலைக்கு வத்திராயிருப்பு வைத்தியர் ஒரு மண்டலம் பத்தியம் சொல்லியிருந்தார். காமாலை போய்விட்டது. மண்டலம் முடிவதற்குள் வைத்தியரும் காசிக்குப் போய்விட்டார்.

வைட்டமின் சி சத்தே உடம்பில் இல்லை, அதனால்தான் ஈறு இப்படி ஆகிறது என்று தலையில் அடித்துக்கொண்டு மாத்திரை கொடுத்தேன். நாக்கில் வைத்தவர் புளிக்கிறதென்று துப்பிவிட்டார். “பத்தியம் வச்சவிய வந்து முடிக்காம நாமளா முறிக்கலாமா சார்? காமாலை திரும்பிருமே!”

வத்திராயிருப்பு பஸ்

வேறு வழியில்லாமல் ஞாயிற்றுக்கிழமை இருவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். இதையெல்லாம் காலேஜில் சொல்லித்தரவில்லை. போனால், வைத்தியர் காசியிலிருந்து திரும்பி ஐந்து மாதமாகியிருந்தது! இவர்கள் விசாரிக்கவே இல்லை.

சண்டை பிடிக்கத்தான் போனேன். ஆனால் செல்லையாவின் வாயைப் பார்த்ததும் மனிதர் நொந்துபோனார். “நாப்பத்தெட்டு நாளுன்னுதானலே சொன்னேன்” என்றபடி கொல்லையில் ஒரு நெல்லிக்காயைப் பறித்து, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, தன் கையாலேயே கொடுத்தார். “பத்தியம் முடிஞ்சுது, தின்னு. டாக்டரய்யா மாத்திரையையும் போடு” என்றார்.

கிளம்பும்போது என்னை நிறுத்தி, “வந்தது வந்தீய, என் கடவாப்பல்லையும் செத்த நேரம் பாத்துருங்க” என்றார்.

ஒரே சட்டி

மூன்று வாரத்தில் ரத்தம் நின்றது. ஈறு இறுகி, ஆடிய பற்கள் நிலைத்தன. பல்லில் படிந்திருந்த காரையை மட்டும் சுத்தம் செய்தேன். பல் பிடுங்கும் குறட்டைக் கையால் தொடவே இல்லை. மாரியம்மாள் முகம் முழுக்கச் சிரிப்பு.

“எட்டு மாசமா இவியளுக்குத் தனிச் சட்டி, எங்களுக்குத் தனிச் சட்டி. நேத்துத்தான் சார் ஒரே சட்டியில புளிக்கொழம்பு வச்சு எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்ட்டோம்.”

அன்றிலிருந்து, யாரிடமாவது ஒன்றைச் சாப்பிடக்கூடாது என்று சொன்னால், எந்தத் தேதியிலிருந்து சாப்பிடலாம் என்பதையும் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் நான் வெளியூருக்கே போகிறேன்.