முள் வாட்ச்சுக்கு நடந்த பேரம்

நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருடம், சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா ஆமத்தூருக்கு வந்தார். எனக்கும் அக்காவுக்கும் ஆளுக்கொரு வாட்ச் கொண்டுவந்திருந்தார். இரண்டுமே ஜப்பான் கம்பெனி. ஒன்று கறுப்பு டிஜிட்டல். லைட், அலாரம், ஸ்டாப் வாட்ச் எல்லாம் உண்டு. மற்றது முள் வாட்ச்; தங்க நிற விளிம்பு, மெல்லிய தோல்பட்டை.

“அடியே, வளையல் மாதிரி இருக்கு. இது எனக்கு” என்று அக்கா முள் வாட்ச்சை எடுத்துக்கொண்டாள். நான் சண்டைக்கே போகவில்லை. என் கண்ணெல்லாம் டிஜிட்டலில்தான். அதன் முதுகில் இருந்த ஆங்கிலத்தை உரக்க வாசித்தேன். எங்கள் வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ரேடியோ செய்திக்கு முன் வரும் பீப் சத்தத்துக்கு இரண்டையும் சரிசெய்து வைத்தோம். அப்புறம் எப்போது ஒப்பிட்டாலும் இரண்டும் ஒரே மணிதான் காட்டின. ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை!

கணக்கு மாதிரித் தேர்வில்தான் சிக்கல் வந்தது. தேர்வு ஒரு மணிக்கு முடியும். டிஜிட்டலைப் பார்த்தால் 12:17. மிச்சம் எவ்வளவு? கணக்குக்கு நடுவே இன்னொரு கணக்கு. போதாக்குறைக்கு நொடிகள் வேறு ஓடி ஓடி என்னைத் துரத்தின. கடைசிப் பத்து மார்க் கேள்வியைத் தொடவே முடியவில்லை. பொதுத்தேர்விலும் இப்படி ஆனால்?

வீட்டுக்கு வந்தேன். அக்கா வேலை பார்த்த பட்டாசு ஆலைக்குள் வாட்ச் கட்டிப் போக விடமாட்டார்கள் என்பதால் அக்காவுடையது ஆணியில் தொங்கியது. அதைக் கட்டிக்கொண்டு இன்னொரு கேள்வித்தாளை எழுதிப் பார்த்தேன். பெரிய முள்ளுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே கிடந்த இடம்தான் எனக்கு மிச்சமிருந்த நேரம். ஒரு பார்வை போதும்! துள்ளிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா வந்துவிட்டாள்.

“ஏ புள்ள, என் வாட்ச் உன் கையில எதுக்கு?”

“பரீட்சைக்கு இதுதான்க்கா வேணும். மாத்திக்கிருவமா?”

“அம்புட்டு ஆசையா அந்தக் கறுப்பத் தூக்கிட்டுப் போனியே! படிச்ச புள்ளைக்கு மணி பாக்கத் தெரியலையோ?”

“மணி தெரியுது. மிச்சம்தான் தெரியல.”

அவள் மசியவில்லை. ஆலை வேன் விடியுமுன்னே வந்துவிடும்; அசந்து தூங்கி அதைத் தவறவிடுவது அவளுக்கு வழக்கம். அன்று டிஜிட்டலில் அலாரம் வைத்து அவள் தலைமாட்டில் போட்டேன். இருட்டோடு அது அலறியதும் வாரிச் சுருட்டி எழுந்தவள், பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள்.

“இங்கன அமுக்குனா வெளிச்சம் வருதே! சரி, மாத்திக்கிருவோம். ஆனா கணக்குல நீ இருநூறு வாங்கல, பிடுங்கிருவேன்.”

பொதுத்தேர்வில் கடைசிக் கேள்வியையும் எழுதி நிமிர்ந்தேன். பெரிய முள் பன்னிரண்டைத் தொட இன்னும் ஒரு சின்னத் துண்டு இடம் இருந்தது. அதற்குள் விடைத்தாளைத் திருப்பிப் பார்த்து, ஒரு கூட்டல் தப்பைப் பிடித்துத் திருத்தினேன். மணி அடித்தபோது பேனாவை மூடிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.