மாமா போல்ட்டன்காரர் ஆன கதை

எங்கள் குடும்பத்தில் இங்கிலாந்தைப் பார்த்தவர் ஒருவர்தான். அவர் என் மாமா, அம்மாவின் தமையன். இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்துக்கு வருவதற்கு முன் இரண்டு வருடம் அவர் அங்கே இருந்தார் என்பது சொந்தக்காரர் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார்.

பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் நாங்கள் இருந்த வீட்டின் ஜன்னலைத் திறந்தால் பல்லரோ சந்தை முழுவதும் உள்ளே வந்துவிடும். மீன்காரன் ராகம் போட்டு விலை சொல்வான். கத்தரிக்காய்க்காரன் அவனைவிட உரத்த ராகத்தில் பதில் சொல்வான். மாமா ஜன்னலைச் சாத்திக்கொண்டே, "அங்கை இப்பிடியெல்லாம் கத்தமாட்டினம். வரிசையில நிண்டு மெல்லமாக் கேட்டு வாங்குவினம்" என்பார். இங்கே பஸ் பிந்தும், அங்கை பிந்தாது. இங்கே பெய்வது மழையில்லை, அங்கை பெய்வதுதான் மழை. 

"அவ்வளவு திறமான இடமெண்டால் ஏன் மச்சான் விட்டிட்டு வந்தனீர்?" என்று அப்பா கேட்பார்.

"குளிர் ஒத்துவரேல்லை."

சிசிலி வெயிலில் வேட்டியை நனைத்து மேலில் போட்டுக்கொண்டு படுத்திருக்கும்போதும் மாமா இதே பதிலைத்தான் சொல்வார். ஒன்பது வயதான எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

அம்மா அந்த நாட்களில் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்கு அண்மையில், ஒரு வயதான சின்யோராவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். சின்யோரா இங்கிலாந்தில் பிறந்தவர். இளம்வயதில் ஒரு சிசிலிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தவர், நாளடைவில் முழுப் பலெர்மோக்காரியாகவே ஆகிவிட்டார். அம்மாவோடு இத்தாலியனில் சண்டை பிடிப்பார், இத்தாலியனிலேயே சமாதானம் ஆவார். ஒரு மாரிகாலத்தில் குளியலறையில் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரும்போது இத்தாலியனை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

மிஞ்சியது ஆங்கிலம் மட்டும். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. சின்யோராவின் மகளுக்கும் ஹலோவுக்கு மேல் போகாது. தாய் அவருக்கு அந்த மொழியைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. கொஞ்ச நாள் சின்யோரா கதைத்துப் பார்த்தார். யாரும் திருப்பிக் கதைக்கவில்லை என்றதும் வாயை மூடிக்கொண்டார். பிறகு சாப்பாட்டுக்கும் அந்த வாய் திறக்கவில்லை. அம்மா கரண்டியைக் கிட்டக் கொண்டுபோனால் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார்.

மகள் நல்ல மனுசிதான், ஆனால் வேலைக்குப் போகிறவர். தாயை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது என்று முடிவெடுத்தார். அப்படிச் சேர்த்தால் அம்மாவின் வேலை போய்விடும். எங்கள் எல்லோருடைய பெர்மெஸ்ஸோவையும், அதாவது இங்கே தங்கும் அனுமதியை, அம்மாவின் வேலையைக் காட்டி அந்த வருடம்தான் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வேலை இல்லாமல் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் போய் நின்றால் என்ன நடக்கும் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தத்திலேயே அது கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்.

"அண்ணை, போல்ட்டன் எண்டால் என்ன? சின்யோரா நித்திரையில அதைத்தான் புலம்புறா."

"அது இங்கிலாந்தில ஒரு ஊர்" என்றார் மாமா, மீன்முள்ளை எடுத்தபடி.

"நீங்கள் இருந்த ஊரோ?"

அதுவரை மாமா தன் ஊரின் பெயரைச் சொன்னதே இல்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றியதில்லை. அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மாமா அப்பாவைப் பார்த்தார், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "போல்ட்டன். என்ர ஊரெல்லோ!"

"அப்ப நாளைக்கே வாங்கோ. வந்து அவவோட ஊர்க்கதை கதையுங்கோ. ஆரும் கதைச்சால் சாப்பிடுவா."

நாளைக்கு ஏலாது என்றார் மாமா. அடுத்த நாள் அவர் வேலை செய்த உணவகத்தில் சனம் கூட என்றார். அதற்கடுத்த நாள் பல்லுக்குத்து. கடைசியில் அம்மா அவரைக் கையில் பிடித்தே கூட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவோடு இருப்பது என் வழக்கம் என்பதால் நானும் போனேன். மாமா கல்யாணவீட்டு டை கட்டியிருந்தார்.

மாமாவின் ஆங்கிலம் மன்னாரில் கத்தோலிக்கச் சுவாமிமாரிடம் படித்தது, நல்ல ஆங்கிலம். எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த அளவுக்குக் கொஞ்சம் விளங்கும். மீதியை மாமா அம்மாவுக்குத் தமிழில் சொல்லச் சொல்லப் பிடித்துக்கொண்டேன்.

"மேடம், நானும் போல்ட்டன்" என்றார் மாமா.

சுவரைப் பார்த்துக் கிடந்த சின்யோரா மெல்லத் திரும்பினார். மாமாவை மேலும் கீழும் பார்த்தார். எந்தப் பக்கம் என்று கேட்டார். நகரமண்டபத்துக்குக் கிட்ட என்றார் மாமா. எந்த ஊரிலும் ஒரு நகரமண்டபம் இருக்கும்தானே.

"அதன் வாசலில் என்ன நிற்கிறது?"

மாமா விட்டத்தைப் பார்த்தார். "குதிரை" என்றார்.

"சிங்கம்!" என்று சின்யோரா கத்தினார். அடுப்படியில் அம்மா மூடியைக் கீழே போட்டுவிட்டார். "இரண்டு சிங்கம்! குதிரையாம்!"

அம்மா ஓடிவந்தார். "என்னவாம் அண்ணை?"

"அவவின்ர ஊரில சிங்கம் நிக்குதாம்."

"அந்தக் குளிருக்குள்ளயோ?"

மாமாவுக்கு மொழிபெயர்க்க நேரமில்லை. விட்டதைப் பிடிக்கவேண்டும் என்ற அவசரத்தில், ஊர் ஆற்றில் தான் பிடித்த மீனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். சின்யோரா தலையணையிலிருந்து எழும்பியே விட்டார். மீனா? அந்த ஆற்றிலா? சாயப்பட்டறையில் நீலம் முக்கினால் ஆறு நீலமாக ஓடும், சிவப்பு முக்கினால் சிவப்பாக ஓடும். அதில் எந்த மீன் இருக்கும்? மாமாவின் மூக்குக்கு நேரே விரலை நீட்டித் திட்டிக்கொண்டிருந்தவரின் வாயில் அம்மா சமயம் பார்த்து ஒரு கரண்டி சூப்பை வைத்தார். அது உள்ளே போய்விட்டது. திட்டை நிறுத்த மனமில்லாமல் சின்யோரா அதை விழுங்கிவிட்டார்.

"அண்ணை, நிப்பாட்டாதேங்கோ" என்றார் அம்மா. "இன்னும் ஏதாவது பிழையாச் சொல்லுங்கோ."

"நான் பிழையாச் சொல்லேல்லை. மறந்துபோச்சு" என்று மாமா கோபித்துக்கொண்டார். ஆனாலும் சொன்னார். போல்ட்டன் கடற்கரையில் பின்னேரம் காற்று வாங்கினது எவ்வளவு சுகம் என்று சொன்னார்.

போல்ட்டனில் கடல் இல்லை. பஞ்சு மில்லெல்லாம் விடுமுறைக்கென்று ஒரே கிழமையில் பூட்டுவார்கள், ஊர் முழுவதும் ரயிலேறி வேறு ஊர்க் கடற்கரைக்குப் போகும். போகாதவர்களுக்கும் ஒரு நன்மை உண்டு. புகைபோக்கிகள் ஓய்ந்திருப்பதால் அந்த ஒரு கிழமை ஊரிலிருந்து மலை தெரியும். சின்யோரா இதைச் சொல்லி முடிக்கும்போது கோப்பையில் சூப் இல்லை.

அதற்குப் பிறகு மாமா அடிக்கடி போனார். போய் வந்து எங்களுக்கும் கதை சொன்னார். விடியுமுன் நீண்ட கம்போடு தெருவில் வந்து, மேல்மாடி ஜன்னல்களில் தட்டி மில் ஆட்களை எழுப்புவதற்கே ஒரு மனிதன் இருந்தான். மரக்கட்டைச் சப்பாத்தோடு எல்லோரும் ஒன்றாக நடந்தால் தெருவே படபடக்கும். தறிச்சத்தத்தில் ஒன்றும் கேட்காததால் பெண்கள் குரல் இல்லாமல் வாயை மட்டும் அசைத்துக் கதைத்துக்கொள்வார்கள். மாமா இதை நடித்துக் காட்டுவார். நானும் பழகிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் செய்து ஆசிரியையிடம் ஏச்சு வாங்கினேன்.

"நீர் இருக்கேக்கை அலாரம் மணிக்கூடு இல்லையோ மச்சான்?" என்று அப்பா ஒருநாள் கேட்டார்.

"பழைய ஊர்" என்றார் மாமா. "பழக்கத்தை விடமாட்டினம்."

சின்யோரா நாற்காலியில் உட்காரத் தொடங்கினார். மகள் முதியோர் இல்லத்துக் கதையைத் தள்ளிப்போட்டார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஈஸ்டருக்கு சின்யோராவின் பெறாமகன், அவருடைய தங்கையின் மகன், போல்ட்டனிலிருந்து வருவதாகச் செய்தி வந்தது. மகளுக்கு மகா சந்தோசம். இரண்டு போல்ட்டன்காரரும் ஒரே மேசையில் சாப்பிட வேண்டும் என்று மாமாவுக்கு அழைப்புச் சொல்லி அனுப்பினார். மாமா காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். அம்மா நெற்றியில் கைவைத்துப் பார்த்து, "எழும்புங்கோ" என்றார்.

பெறாமகன் பெரிய, சிவந்த மனிதர். ஐம்பது வயதிருக்கும். சிரித்த முகத்தோடு மாமாவிடம் எங்கே வேலை செய்தீர்கள் என்று கேட்டார்.

"மில்லில்" என்றார் மாமா.

பெறாமகன் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். மில்லெல்லாம் தான் படிக்கிற காலத்திலேயே பூட்டியாயிற்றே என்றார். மாமா பதறி, தினமும் டிராமில்தான் வேலைக்குப் போனேன் என்றார். ஊரில் டிராமை நிறுத்தியதே தான் பிறப்பதற்கு முன்னால் என்றார் அவர். மாமாவின் கறுத்த மீசையை உற்றுப் பார்த்தார். மாமாவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

"என்ன, என்ன சொல்கிறார்?" என்று மகள் இத்தாலியனில் கேட்டார். ஒரு கண்ணாடிக் குவளை விசயத்தில் பொய் சொன்னதற்காக முன்னிருந்த வேலைக்காரியை நிறுத்தியவர் அவர். அம்மா பாஸ்தாத் தட்டோடு வாசலில் அப்படியே நின்றார். மொழி விளங்காவிட்டாலும் முகங்கள் அவருக்கு விளங்கின.

சின்யோரா கரண்டியால் தட்டில் தட்டினார்.

"இவனை எனக்குத் தெரியும்" என்றார். "எங்கள் தெருதான். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி. உனக்கு எப்படித் தெரியும்? உன் அம்மாதான் எங்கள் தெருவுக்குள் வந்தால் சப்பாத்து ஊத்தையாகும் என்று உன்னைக் கூட்டி வரவே மாட்டாளே."

பெறாமகனின் முகம் இன்னும் சிவந்தது. சின்யோராவைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு பாணை எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டார். மகள் என் பக்கம் திரும்பினார். எங்கள் மாமாவும் சின்யோராவும் ஒரே தெருக்காரர்களாம் என்று நான் பெருமையோடு மொழிபெயர்த்தேன். மகள் தாயின் கையைத் தடவிவிட்டு, மாமாவின் தட்டில் இன்னும் கொஞ்சம் பாஸ்தா போட்டார்.

வீட்டுக்கு வந்து இதை அப்பாவுக்குச் சொன்னேன். "இப்ப நம்புறீங்களோ?" என்று கேட்டேன். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார், அம்மா பார்த்த பார்வையில் "நம்புறன், நம்புறன்" என்றார்.

பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப்பட்டது. சின்யோரா அதற்குப் பிறகும் சில வருடங்கள் மாமாவைத் திருத்திக்கொண்டு இருந்து, தன் கட்டிலிலேயே கண்ணை மூடினார்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள் மாமா தானாகவே சொன்னார். அவர் இங்கிலாந்தில் கால் வைத்ததே இல்லை. அந்த இரண்டு வருடமும் இருந்தது பிரான்சில், கலே துறைமுகத்தில். லொறிகளில் ஏறுவதும் இறக்கிவிடப்படுவதுமாகக் காலம் போனது. வானம் தெளிந்த நாளில் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கோடு தெரியும், அதுதான் இங்கிலாந்து. களைத்துப்போய்த்தான் தங்கையைத் தேடித் தெற்கே வந்திருக்கிறார்.

"சின்யோரா கடைசிவரைக்கும் கண்டுபிடிக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"அவவுக்கு நான் ரெண்டாம்முறை போகேக்கையே சொல்லிப்போட்டன். கலேயில இருந்து இங்கிலாந்து தெரிஞ்சதோ எண்டு கேட்டா. சில நாளில தெரியும் எண்டன். அப்ப மிச்சத்தை நான் சொல்லுறன், கேள் எண்டா."

அந்தப் பின்னேரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் ஜன்னலோரம் கணக்குச் செய்துகொண்டிருந்தேன். இருவரும் திடீரென்று குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். சின்யோரா மாமாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாமா முகத்தைத் துடைத்தார். என்ன நடக்கிறது என்று அம்மாவிடம் இரகசியமாகக் கேட்டேன்.

"ஊரை நினைச்சு அழுகினம்" என்றார் அம்மா.

ஒரே ஊர்க்காரர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். கணக்கைத் தொடர்ந்து செய்தேன்.