பின்னால் போன சுடலைக்கண்ணன்

சுடலைக்கண்ணனுக்கு நீச்சல் தெரியும் என்பதில் அவருக்கோ, அவருடைய தெருவுக்கோ, துறைமுகத்தில் அவரோடு வேலை பார்க்கும் ஆட்களுக்கோ ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டில் பிறந்து, மீசை அரும்பும் முன்பே பனையேறத் தொடங்கி, வெயில் உச்சிக்கு வந்ததும் தோட்டத்துக் கிணற்றில் தலைகீழாகக் குதித்து வளர்ந்தவர். அவர் குதித்தால் தண்ணீர் மேல்படி வரைக்கும் தெறிக்கும். அதைப் பார்த்தவர்கள் யாரும் நீச்சலைப் பற்றித் தனியாக விசாரிக்கவில்லை.

பனையை விட்டுவிட்டு தூத்துக்குடிக்கு வந்தவர், வரும் கப்பலைக் கயிற்றால் கரையோடு பிணைக்கும் படகில் வேலைக்குச் சேர்ந்தார். கப்பல் உள்ளே மெதுவாக வரும்போது மேலேயிருந்து தொடைப் பருமனில் கயிற்றை இறக்குவார்கள். அதைப் படகில் வாங்கி, இழுத்துக்கொண்டுபோய்க் கரையில் நிற்பவர்களிடம் சேர்க்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் கயிறு ஆளைத் தூக்கி எறிந்துவிடும். சுடலைக்கண்ணனுக்கு அந்தப் படகு என்றால் உயிர். முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட முகம் காட்டிவிட்டு ஓடிவந்துவிடுவார், கப்பல் வருகிறது என்றால்.

இப்படி இருக்கையில் ஒருநாள் காலை, பாதுகாப்பு அதிகாரி சிவப்பிரகாஷ் படகு ஆட்களை எல்லாம் கூட்டி நிறுத்தினார். அடுத்த மாதம் எல்லோருக்கும் நீச்சல் தேர்வு. லைஃப் ஜாக்கெட் இல்லாமல், சுவரைத் தொடாமல், நீச்சல் குளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போக வேண்டும். போக முடியாதவர் படகில் ஏறக் கூடாது, நிலக்கரி யார்டுக்குப் போகலாம்.

"ஏலே, இதுக்குப் போயி ஒரு பரீட்சையா?" என்று சுடலைக்கண்ணன் சிரித்தார். மற்றவர்களும் அவரைப் பார்த்துத் தைரியமாகச் சிரித்தார்கள்.

எதற்கும் ஒருதடவை குளத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று விடுமுறை நாளில் போனார். வீட்டில் மனைவி பகவதியிடம், "பயலுவளுக்குக் கொஞ்சம் சொல்லிக்குடுக்கணும்" என்று ஒரு போடு போட்டுவிட்டுத்தான் கிளம்பினார். அங்கே கோச்சாக இருந்தது விஜிலா என்ற இளம்பெண். தருவைகுளத்துக்காரி, கழுத்தில் விசில். ஒரு பொம்பளைப்பிள்ளை தனக்கு விசில் ஊதுவதா என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரி இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் வழக்கம்போலத் தலைகீழாகக் குதித்தார். பெஞ்சில் இருந்தவர்கள் கால்வரை நனைந்தார்கள்.

மேலே வந்து தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு கையை வீசினார். நாலு வீச்சு, ஐந்து வீச்சு. சுவர் வரவில்லை. இன்னும் வீசினார். அப்போதும் வரவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கிணற்றில் எந்தப் பக்கம் போனாலும் கைக்கெட்டும் தூரத்தில் சுவர் இருக்கும். இத்தனை வருஷமாக அவர் நீந்தியதெல்லாம் ஒரு கிணற்றின் அகலம்தான். அதற்கு மேல் தண்ணீரில் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

இரண்டு வாய்த் தண்ணீர் குடித்து, தடுப்புக் கயிற்றைப் பிடித்துத் தொங்கிய ஆளை விஜிலா ஓரத்துக்குக் கூட்டிவந்தாள். மிதக்கும் பலகை ஒன்றைக் கையில் கொடுத்தாள்.

"கைய மறந்துருங்க அண்ணாச்சி. பலகையைப் பிடிச்சிக்கிட்டு காலை மட்டும் அடிங்க. கால்தான் ஆளைக் கொண்டுபோவும்."

சுடலைக்கண்ணன் அடித்தார். பனை ஏறிய காலல்லவா! குளமே கலங்கியது. பக்கத்தில் பலகை பிடித்த குழந்தைகள் ஒன்றிரண்டு அவரைத் தாண்டிப் போயின. போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஓங்கி அடித்தார். கொஞ்சநேரம் கழித்துப் பக்கவாட்டில் பார்த்தவருக்குக் கண் நிலைகுத்தியது. தோளுக்கு நேராக இருந்த இரும்பு ஏணி இப்போது அவருக்கு முன்னால் இருந்தது. அடிக்க அடிக்க அது இன்னும் முன்னால் போனது. கடைசியில் அவர் பாதம் எதன் மேலோ இடித்தது. புறப்பட்ட சுவர்!

"அண்ணாச்சி, நீங்க பின்னால வாரீய!"

"எது?"

"பின்னாலங்கேன். ரிவர்ஸ்ல."

குழந்தைகள் பலகையை விட்டுவிட்டுச் சிரித்தன. அவருக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. ஒரு மனுஷன் முழுப் பலத்தோடு முன்னால் போக முயன்றால் பின்னால் போவானா? இது என்ன அநியாயம்? தண்ணீருக்குத் தன்மேல் ஏதாவது வன்மமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

விஜிலா தன் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினாள். திரையில் இரண்டு பாதங்கள், விரல்களை முழங்காலை நோக்கி மடக்கிக்கொண்டு, கொக்கி போட்டதுபோல விறைத்து நின்றன.

"இது என்ன வேலை பாத்த காலு, அண்ணாச்சி?"

"பனையேறுன காலு" என்றார். சொல்லும்போதே விஷயம் பிடிபட்டது. இரண்டு காலையும் நார் வளையத்துக்குள் கோத்து, பாதத்தை மடக்கி, மரத்தைக் கவ்வி ஏற வேண்டும். பாதத்தை நீட்டினால் வழுக்கும், வழுக்கினால் ஆள் இல்லை. பனை ஏறுவதை அவர் விட்டுப் பல வருஷம் ஆகிறது. பயம் வந்த நேரமெல்லாம் பாதம் இன்னும் தானாகவே கொக்கி போட்டுக்கொள்கிறது.

"பாதம் தண்ணியைப் பின்னால தள்ளணும். உங்க பாதம் முன்னால தள்ளுது. அதான் நீங்க பின்னால போறீய. முட்டியை மடக்காதீய, தொடையோட இடுப்புல இருந்து வரட்டும். கணுக்கால் தொளதொளன்னு கெடக்கட்டும். பெருவிரல் ரெண்டும் லேசா உரசிக்கிடணும். ஓங்கி அடிக்கக் கூடாது, சின்னச் சின்னதா, விடாம."

கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. இறங்கி அடித்தால் மறுபடியும் ஏணி முன்னால் போனது.

அன்றிலிருந்து அவருக்கு மண்டைக்குள் இதே ஓட்டம். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, பாதத்தை மடித்துக் குதிகால்மேல் உட்கார்ந்து கணுக்காலை வளைக்கப் பார்த்தார். வலி உயிர் போனது. முனகல் கேட்டு உள்ளே வந்த பகவதி அவர் மடித்து வைத்திருந்த பாதத்தைப் பார்த்தாள்.

"குப்புறப் படுங்க" என்றாள். படுத்தார். அவள் இரண்டு பாதத்தையும் பிடித்து மெதுவாக நீட்டிவிட்டாள். "வெறப்பா வைக்காதீங்க. கொலுசு போட்ட காலு மாதிரி நெனச்சிக்கிடுங்க. சத்தம் வரணும், ஆனா ஓங்கக் கூடாது. இடுப்புல இருந்து லேசா ஆட்டுங்க."

கோச் சொன்னதையே இவளும் சொல்கிறாளே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கூச்சம்தான் முந்திக்கொண்டது.

"ஒனக்கு என்னளா தெரியும் நீச்சலைப் பத்தி?" என்று எரிந்து விழுந்தார். பகவதி அவர் காலைக் கீழே வைத்துவிட்டு, கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போய்விட்டாள்.

இவர்களுக்கு ரம்யா என்று ஒரு மகள், எட்டாம் வகுப்பு படிக்கிறாள். நீச்சல் கற்க வேண்டும் என்று அவள் எப்போது கேட்டாலும், "நா சொல்லித்தாரேன்" என்று சுடலைக்கண்ணன் அவள் வாயை அடைத்துவிடுவார். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனி வகுப்பு உண்டு என்று விஜிலா சொன்னதும், அனுப்பச் சம்மதித்தார். பகவதி கூடப் போனாள்.

தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கப்பல் தாமதமானதால் வேலை சீக்கிரம் முடிந்தது. பிள்ளையைக் கூட்டிவரலாம் என்று சுடலைக்கண்ணன் நேராகக் குளத்துக்குப் போனார். பெற்றோர் உட்காரும் பெஞ்சில் பகவதியின் கைப்பை இருந்தது. கீழே அவள் செருப்பு. ஆளைக் காணோம். இங்கனதான் எங்கேயாவது போயிருப்பாள் என்று பையைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

குளத்தில் கறுப்பு நீச்சல் உடையும் தலையில் ரப்பர் தொப்பியுமாக ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். சுடலைக்கண்ணனின் கண் அவள் காலில் போய் நின்றது. அந்தக் கால் தண்ணீரை அடிக்கவே இல்லை. குதிகால் மட்டும் மேலே தெரிந்து மறைய, பின்னால் பால் பொங்குவதுபோல நுரை கிளம்பியது. முட்டி மடங்கவில்லை. ஆள் அலட்டிக்கொள்ளாமல் போனாள், திரும்பினாள், வந்தாள். இதைத்தானே அந்தப் பிள்ளை மாய்ந்து மாய்ந்து சொன்னாள் என்று அவருக்கு முதல்முறையாக விளங்கியது. தன்னையறியாமல் பெஞ்சுக்குக் கீழே அவர் பாதம் நீண்டு ஆட ஆரம்பித்தது.

"விஜிலா" என்று கூப்பிட்டார். "அங்கன நீந்துதாவளே, அந்த அம்மா யாரு? அவுகளும் கோச்சா?"

விஜிலா அவரை ஒருமாதிரியாகப் பார்த்தாள். அவள் பதில் சொல்லும் முன்பே அந்தப் பெண் ஏணியைப் பிடித்து நின்று, தொப்பியைக் கழற்றி முடியை உதறினாள். பகவதி!

சுடலைக்கண்ணன் எழுந்துவிட்டார். எழுந்தவருக்கு ஏன் எழுந்தோம் என்று தெரியவில்லை. வாய் திறந்தபடி இருந்தது. இது என் பொஞ்சாதியா? என்னோடு இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளா? தான் தாலி கட்டியவள் முகத்தில் வேறொருத்தியைப் பார்த்துவிட்டதுபோல அவருக்கு இருந்தது. ரம்யா மட்டும் குளத்துக்குள்ளிருந்து, "அப்பா, அம்மாவப் பாத்தீயளா?" என்று குதித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

"எப்பளா படிச்ச?"

"படிக்கவா? ஆழ்வார்திருநகரியில ஆத்தங்கரையில பொறந்தவளுக்கு யாரு படிச்சிக்குடுக்கணும்? தண்ணி வந்தா அக்கரைக்குப் போயிட்டு வருவோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ?"

பகவதி ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

"கல்யாணம் முடிஞ்சி குலசைக் கோயிலுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கா? கடலைப் பாத்ததும் சேலையைச் செருகிக்கிட்டு எறங்கப் போனேன். உங்க அம்மை, அக்கா, சொந்தபந்தம் எல்லாரும் நிக்காவ. நீங்க கையப் பிடிச்சி இழுத்து, முட்டளவுக்கு மேல போவாத, உனக்கு ஒண்ணுன்னா நா குதிச்சித் தூக்குவேன்னு சொன்னீய. எல்லாரும் ஆகான்னாவ. புதுசா வந்தவ நான், எனக்கு நீச்சல் தெரியும்னு சொல்லி, அத்தன பேருக்கு முன்னால உங்களத் தலைகுனிய வைக்கவா? அன்னைக்கு வாய மூடுனது. அதுக்குப் பெறவு சொல்ல நேரமே வரல."

சுடலைக்கண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அந்தக் கடற்கரை கண்ணில் வந்தது. தசராவுக்குப் போகும்போதெல்லாம் முட்டளவுத் தண்ணீரில் நின்று தூரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பகவதியும் வந்தாள். கடலைக் கண்டு பயப்படுகிறாள் என்றே அவர் நினைத்திருந்தார். அன்றைக்கு அவளுக்கு உண்மையாகவே ஏதாவது ஆகி, இவர் குதித்திருந்தால்? ஓங்கி ஓங்கிக் காலை அடித்து அவளை விட்டுப் பின்னால் பின்னால் போயிருப்பார்.

வெகுநேரம் கழித்து, கட்டில் ஓரத்தில் தானாகவே குப்புறப் படுத்தார்.

"காலைக் கொஞ்சம் பிடிச்சி விடுளா. அந்தக் கொலுசு சமாச்சாரத்தை இன்னொரு தடவ சொல்லு."

தேர்வு அன்று படகு ஆட்கள் அத்தனை பேரும் குளத்தைச் சுற்றி நின்றார்கள். சுடலைக்கண்ணன் தலைகீழாகக் குதிக்கவில்லை. ஏணி வழியாக மெதுவாக இறங்கியதைப் பார்த்து, "அண்ணாச்சிக்கு என்ன ஆச்சி?" என்று ஒருவன் கேட்டான். அவர் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, காலை நீட்டிப் புறப்பட்டார்.

பாதிவரை சரியாகப் போனது. ஆழமான இடத்துக்கு மேலே வந்ததும் கீழே தரை தெரியாமல் போக, பயம் பிடித்தது. பாதம் படக்கென்று கொக்கி போட்டது. ஆள் நின்றுவிட்டார். இனி பின்னால் போவோம், நிலக்கரிதான் என்று அவருக்கு நிச்சயமாகத் தோன்றியது. அப்போது, அந்தக் கறுப்பு உடைக்காரியின் குதிகால் நினைவுக்கு வந்தது. விரலை விட்டார். கணுக்காலை விட்டார். இடுப்பிலிருந்து சின்னதாக ஆட்டினார், விடாமல். நுரை கிளம்பியதா என்று தெரியாது, ஆனால் தலைக்கு நேரே நீலச் சுவர் வந்து மோதியது.

மூச்சு வாங்கத் தொங்கிய ஆளிடம் சிவப்பிரகாஷ் குனிந்து கேட்டார். "கால் நல்லா வருதே! யார்கிட்ட படிச்சீங்க?"

கோச் பெயரைச் சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை. சுடலைக்கண்ணன் சுற்றி நின்ற அத்தனை முகத்தையும் பார்த்தார்.

"எம் பொஞ்சாதிகிட்ட" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "அவளுக்குத்தான் நீச்சல் தெரியும். எனக்குத் தெரியாம இருந்துச்சு."

அதைக் கேட்டு எழும்பிய சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அடுத்த கப்பல் வரும்வரை அவரை ஓட்டித் தள்ளிவிட்டார்கள். ஓட்டட்டும் என்று படகில் ஏறிக் கயிறு வாங்கினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பாஸாகிவிட்ட செய்தியைச் சொன்னார். பகவதி தலையாட்டிவிட்டுத் தோசைக்கல்லைப் பார்த்தாள்.

"வார ஞாயித்துக்கிழமை குலசைக்குப் போவோம். அம்மையும் அக்காவும் வரட்டும். நீ உள்ள போ, எம்புட்டு தூரம் வேணும்னாலும் போ."

"நீங்க?"

"நானும் வாரேன்" என்றவருக்கு, குளத்தில் தரை தெரியாமல் போன இடம் நினைவில் வந்தது. "கடலாச்சே. ஒண்ணுன்னா..."

பழைய வாக்கியத்தின் மிச்சம் அவருக்கு வரவில்லை. பகவதி தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"ஒண்ணுன்னா நா குதிச்சித் தூக்குதேன்" என்றாள்.