பின்வரிசையில் உயர்ந்த கை

எங்கள் பெட்டிச்சோற்றுத் தொழிற்சாலையில் ஒன்பது வருஷமாக ஜுசாரா எனக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள். ஓடுகிற பட்டையில் சோற்றுப் பெட்டி வரும். நான் மீன் துண்டை வைப்பேன், அவள் சோற்றின் நடுவில் உப்பில் ஊறிய பிளம் பழம் ஒன்றை வைப்பாள். கை அது பாட்டுக்கு வேலை செய்யும், வாய் அது பாட்டுக்குப் பேசும். முகமூடி போட்டு என்ன பயன்? அவள் சிரித்தால் மூடி போடுகிற கடைசி ஆள்வரைக்கும் கேட்கும். மேற்பார்வைக்காரர் கத்திக் கத்தி ஓய்ந்துபோய்விட்டார்.

பிரேசிலில் காபித் தோட்டத்து ஊர் அவளுக்கு. புருஷனுடைய தாத்தா ஜப்பான்காரர் என்பதால் இரண்டு பேருக்கும் இங்கே ஜப்பானில், எங்கள் குன்மாவில் வேலை கிடைத்தது. புருஷன் இப்போது வேறு ஊரில் இருக்கிறான், மாசத்துக்கு ஒரு தடவை வருவான். ஜுசாரா மூன்றாம் வகுப்போடு நின்றவள். அறுவடைக்கு ஆள் வேண்டும் என்று அப்பா கூப்பிட்டுக்கொண்டாராம். "திரும்பிப் போகவே முடியல, குனிகோ. தைனா மட்டும் முழுசாப் படிச்சு முடிச்சிடணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ, எனக்கே மனப்பாடம்.

அவள் மகள் தைனாவும் என் மகள் நத்ஸுமியும் அப்போது ஐந்தாம் வகுப்பு, ஒரே அறை. நவம்பரில் பெற்றோர் வந்து பாடம் பார்க்கிற நாள் வந்தது. அதற்கு முன்வருஷம் வரைக்கும் அவளுக்கு விடுப்பு கிடைத்ததில்லை, அதுதான் முதல் தடவை. நான் ஒரு வாரம் பாடம் எடுத்தேன். "பள்ளிக்கூடத்துக்குள்ள போட வீட்டுச் செருப்பைப் பையில எடுத்துட்டு வா. கருப்போ நீலமோ போடு. பின்னால சுவரோரம் நிக்கணும். பிள்ளையைப் பார்த்துக் கையாட்டாதே. பேர் சொல்லிக் கூப்பிடாதே. தயவுசெஞ்சு யாருக்கும் முத்தம் குடுக்காதே!" எல்லாம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

அன்றைக்கு அவள் நீல உடையில் சாதுவாக வந்து என் பக்கத்தில் நின்றாள். ஒரிஹாரா சார் பின்னம் நடத்தினார். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? பலகையில் ஆறு, ஐந்து என்று ஏதேதோ எழுதினார். பிள்ளைகள் எல்லாரும் தலையாட்டினார்கள். பின்னால் நின்ற நாங்களும் ஆட்டினோம்.

"புரியாதவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார் சார். எல்லாப் பாடத்திலும் கேட்பார்கள், யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், அடுத்த பக்கத்துக்குப் போவார்கள். நான் படித்த காலத்திலும் அப்படித்தான்.

என் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது.

"சார், எனக்குப் புரியல. ரெண்டையும் மூணையும் கூட்டினா அஞ்சு. மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. அப்போ அஞ்சுல ரெண்டுதானே? ஆறு எங்கேயிருந்து வந்துச்சு?"

ஐயோ! இருபத்தெட்டுத் தலைகள் திரும்பின. தைனா மட்டும் திரும்பவில்லை. அவள் காது பழுத்த மிளகாய் நிறமாகிவிட்டது. சார் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "நல்ல கேள்வி. அப்புறமா சொல்றேன்" என்றார். நேரம் முடிந்துபோனது.

அதற்குப் பிறகு நடந்த பெற்றோர் கூட்டத்தில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதுதான் பெரிய திட்டு. ஒரு அம்மா மட்டும் சிரித்துக்கொண்டே, "உங்களைப் போலத் தைரியம் எங்களுக்கெல்லாம் வராதுங்க" என்றாள். ஜுசாரா அதைப் பாராட்டு என்று நினைத்து நன்றி சொன்னாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளை விட்டு அரை அடி தள்ளி நின்றேன். தினமும் தோளோடு தோள் நின்றவள்! இன்றைக்கும் நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாளிலிருந்து தைனா பள்ளிக்கூடம் போகவில்லை. "நீ போய் அஞ்சாங்கிளாஸ்ல உக்காந்துக்கோ, நான் போகமாட்டேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாளாம். ஒரு வாரம் போனது, பத்து நாள் போனது. ஜுசாரா ஒரு பெட்டியில் இரண்டு பழம் வைத்தாள், அடுத்ததில் ஒன்றுமே வைக்கவில்லை. மேற்பார்வைக்காரர் கத்தியது அவள் காதில் விழவே இல்லை.

"வெளிநாட்டுப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் வரணும்னு சட்டம் இல்லையாம் குனிகோ. நகராட்சி ஆபீஸ்ல ரொம்ப மரியாதையாச் சொன்னாங்க. விட்டா விட்டதுதான். என் வாயால நானே கெடுத்துட்டேன். எங்க ஊர்ல கேள்வி கேக்காம உக்காந்திருந்தா, தூக்கமாடின்னு டீச்சர் தலையில தட்டுவாங்க. கேக்கறதுதான் மரியாதைன்னு நெனச்சேன்" என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். கையுறை போட்ட கையால் கண்ணைத் துடைக்கக் கூடாது என்பதால் அப்படியே வழியவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நத்ஸுமியிடம் கொஞ்சம் எரிச்சலாகவே கேட்டேன். "அந்தக் கணக்குல ஆறு எங்கேயிருந்துடி வந்துச்சு?"

அவள் எழுந்து போய்ப் புத்தகப் பைக்கு அடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து வந்தாள். பரீட்சைத் தாள். நூற்றுக்குப் பதினைந்து!

"எனக்கும் தெரியாதும்மா. பிரேசில் அத்தை கேட்டப்போ எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?"

"நீயே கேட்டிருக்கலாமேடி!"

"நீதானே தினமும் சொல்லி அனுப்புறே, மத்தவங்களுக்குத் தொந்தரவு குடுக்காதேன்னு."

அந்தத் தாளைப் பையில் போட்டுக்கொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு ஜுசாரா வீட்டுக்குப் போனேன்.

தைனா போர்வைக்குள்ளிருந்து வரவில்லை. நத்ஸுமி பக்கத்தில் போய் உட்கார்ந்து, தாளைப் போர்வைக்குள் தள்ளினாள். உள்ளே தாள் சரசரத்தது. பிறகு உள்ளிருந்து குரல் வந்தது. "பதினஞ்சா? நான் முப்பதுடி! நீ எப்பவும் தலையாட்டுவியே?"

"சும்மா ஆட்டுவேன்."

"அடிப்பாவி!" போர்வை விலகியது.

"ஆறு எங்கேயிருந்து வந்துச்சு, தைனா?" என் மகள் ஒரு ஆளைப் பார்த்துக் கேள்வி கேட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

"எனக்கு மட்டும் தெரியுமா என்ன?"

ஜுசாரா அடுப்பிலிருந்து சோளமாவு கேக்கை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தாள். நாலு பேரும் கத்தியோடு உட்கார்ந்தோம். ஐந்தாக வெட்டலாம் என்றாள் ஜுசாரா. "அஞ்சுல ரெண்டு பாதியை விடக் குறைச்சல்! கூட்டினா எப்படிம்மா குறையும்?" என்று தைனா கத்தினாள். ஜுசாரா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். கடைசியில் நத்ஸுமிதான் ஆறாக வெட்டச் சொன்னாள். பாதிக்கு மூன்று துண்டு, மூன்றில் ஒரு பங்குக்கு இரண்டு துண்டு. ஆறில் அந்த ஐந்து துண்டையும் ஒரு தட்டில் வைத்துவிட்டுப் பிள்ளைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டுகிற அளவுக்குக் கூச்சல் போட்டோம். அதில் என் குரலும் இருந்தது.

திங்கட்கிழமை தைனா பள்ளிக்கூடம் போனாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள், அம்மா இனிமேல் வகுப்பில் வாயைத் திறக்கக் கூடாது. ஜுசாரா சத்தியம் செய்துகொடுத்தாள்.

பிப்ரவரியில் மறுபடியும் பாடம் பார்க்கிற நாள். ஜுசாரா கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குச் சதவீதம். ஒரிஹாரா சார் வழக்கம்போல, "புரியாதவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். ஆனால் இந்தத் தடவை அடுத்த பக்கத்தைத் திருப்பாமல் காத்திருந்தார்.

நத்ஸுமியின் கை மெதுவாக அவள் காதுவரைக்கும் உயர்ந்தது. அதைப் பார்த்து இன்னும் நாலு கைகள். சார் முதலிலிருந்து ஆரம்பித்து, படம் போட்டு, நிதானமாகச் சொன்னார். "இப்போ?" என்று கேட்டார். பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

தைனா நாற்காலியிலேயே பின்னால் திரும்பினாள். வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "அம்மா, உனக்குப் புரிஞ்சுதா? புரியலைன்னா இப்பவே கேட்டுடு. வீட்டுக்கு வந்து என் உயிரை எடுக்காதே!" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள், சாரும்தான். ஜுசாரா என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர். கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

நான் அரை அடி நகர்ந்து அவளை ஒட்டி நின்றேன். எனக்கும்தான் புரியவில்லை. நானும் கையைத் தூக்கினேன்.