அத்தாவின் பாஸ்போர்ட்டில் கடைசிப் பக்கம்

அம்மா தூங்கிய பிறகு திருட்டுத்தனமாக எழுதுகிறேன். யாரும் காட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஹாங்காங்கில் இந்தியர்கள் விசா இல்லாமல் பதினான்கு நாள்தான் இருக்கலாம். அங்கே சரக்கு வாங்கி அனுப்பும் என் அத்தா, கெடு முடியும்போதெல்லாம் பக்கத்திலிருக்கும் மக்காவ் நகருக்குக் கப்பலேறிப் போய், திரும்பி வந்து புது முத்திரை வாங்குகிறார். இரண்டு வருடமாக இப்படித்தான்.

இன்று திரும்பும் நாள். அவரை உள்ளே விட வேண்டும் என்று அம்மா துஆ கேட்டாள். விடாமல் எங்கள் சாத்தூருக்கே அனுப்பிவிட வேண்டும் என்று நான் கேட்டேன். அது நடந்துவிட்டால் வீடு எப்படி ஓடும் என்ற பயம் அப்புறம்தான் வந்தது.

சாயங்காலம் அத்தா போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். பட்டாசு கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா முந்திக்கொண்டாள்.

"விட்டுட்டாகளாண்ணே?"

"விட்டுட்டாகம்மா. ஆனா இனி சீல் குத்த பாஸ்போர்ட்டுல எடமில்ல. புதுசு இங்கனயே எடுக்கலாம்தான். நான் ஊருல வந்து எடுத்துக்கிறேன். புள்ளயப் பாத்து எம்புட்டு நாளாச்சு!"

சந்தோஷத்தில் அம்மாவின் குரல் தெருவுக்கே கேட்டது.

"வாங்க, வாங்க! இந்தத் தடவ அறுபது பக்கம் உள்ளதா எடுத்துருங்க."

மூன்றே பக்கத்தில் பாஸ்போர்ட் எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.