மேட்டில் ஏறிய காய்கறி வண்டி

போன வருடம், மழை ஓய்ந்த சமயம். பெங்களூரு ஆஸ்டின் டவுனில் எங்கள் தெரு நல்ல மேடு. தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் அக்கா திடீரென்று மேலே வருவதை நிறுத்திவிட்டார். விசாரித்தால், தோள்பட்டை வலியாம். வண்டி தள்ளவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவருக்குப் பாதி வியாபாரம் இந்த மேட்டில்தான்.

நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு, ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள். இதை விடுவேனா? உற்சாகமாகக் கணக்குப் போட்டேன். வண்டியும் காயும் இருநூறு கிலோ. ஏற வேண்டிய உயரம் ஆறு மீட்டர். அதற்கு ஆகும் வேலை பன்னிரண்டாயிரம் ஜூல். ஒரு நிமிடத்தில் ஏற இருநூறு வாட் வேண்டும். உராய்வுக்கும் சேர்த்து இருநூற்றைம்பது வாட் மோட்டார் ஒன்றும் பேட்டரியும் வாங்கி, மெக்கானிக் ஒருவரை வைத்துப் பொருத்தினேன்.

ஞாயிறு காலை வண்டி ஜம்மென்று கிளம்பியது. பாதி மேட்டில் ஒரு வீட்டு மாடியிலிருந்து தக்காளி கேட்டார்கள். நிறுத்தினோம். மறுபடி கிளப்பினால் மோட்டார் முனகியதே தவிர, வண்டி நகரவில்லை. சட்டென்று பின்னால் உருள ஆரம்பித்தது. நானும் அக்காவும் பிடித்துத் தொங்க, பின்னால் வந்த ஆட்டோக்காரர் குதித்து இறங்கி, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார். தெரு முழுக்கத் தக்காளி.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு நிமிடத்தில் ஏறுகிற மாதிரிதான் கணக்குப் போட்டேன், எங்கே தப்பு என்று தெரியவில்லை என்றேன். தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே அக்கா நிதானமாகக் கேட்டார்:

"ஒரு நிமிஷத்துல ஏறணும்னு யாரு மேடம் சொன்னாங்க? நான் பத்து எடத்துல நின்னு நின்னுதானே போவேன். மெதுவா போனா போதும்."

எனக்குச் சுரீரென்று உறைத்தது. மேட்டில் நின்ற வண்டியை மறுபடி கிளப்பத்தான் அதிக இழுவை வேண்டும். அதே மோட்டார் மூன்று மடங்கு மெதுவாகப் போனால், மூன்று மடங்கு பலமாக இழுக்குமே! வண்டி மெதுவாக ஓடும்படி பல்சக்கரங்களை மாற்றினோம். நல்ல பிரேக்கும் வைத்தோம்.

அடுத்த ஞாயிறு, வண்டி வீட்டுக்கு வீடு நின்று, ஆமை மாதிரி ஏறியது. அக்கா ஒரு கையால் ஹேண்டிலைத் தொட்டுக்கொண்டு, மறு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேலை வாங்கும் மேஸ்திரி போல நடந்து வந்தார். உச்சியை எட்டியதும் தெருவே கைதட்டியது. அக்கா வெட்கப்பட்டுச் சிரித்தார்.

எடை, உயரம் எல்லாவற்றையும் அளந்த நான், நேரத்தை மட்டும் என் இஷ்டத்துக்கு முடிவு செய்திருந்தேன். இன்று யாருக்கு என்ன செய்யப் போனாலும், அவர்களுடைய வேகம் என்ன என்று கேட்காமல் நான் பேனாவைத் திறப்பதில்லை.