திரை மூலையில் தினேஷ்

நேற்று என் மகள் பழைய கணினியைத் துடைத்துத் திறந்தாள். சூடான தூசி வாடை வந்தது. "அப்பா, இந்த ஐகன் வேல செய்யல லா. டிலீட் பண்ணிரவா?" என்றாள். ஐகனுக்குக் கீழே 'தினேஷ்' என்று இருந்தது. நான் பதறி எழுந்ததை என் முழங்கால் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த வாடை என்னைப் பழைய லாபு ஊருக்குக் கொண்டுபோனது. செம்பனைத் தோட்டத்து வீடு, பக்கத்து வீட்டு மணியண்ணன், இதே கணினி. அண்ணன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினவர். நான் பக்கத்து மந்தின் டவுனில் போட்டோஸ்டேட் கடை வைத்திருந்ததால் தோட்டத்துக்கே கம்ப்யூட்டர் இன்ஜினியர். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், அணைத்துப் போடுவது.

தினேஷ் அவருடைய ஒரே மகன். மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டான். கோயில் திருவிழாவில் அவன் உறுமி அடித்துப் பாடின வீடியோ ஒரு பென்டிரைவில் மட்டும் இருந்தது. அதற்குத் திரையில் அண்ணனே ஒரு ஷார்ட்கட் போட்டுக்கொண்டார்.

"பாத்தியா தம்பி, ரெண்டு தட்டு தட்டுனா புள்ள வந்துருவான் லா."

லாரியை விட்டு இறங்கியதும் தட்டுவார். பையன் வந்து பாடுவான்.

அப்புறம் அண்ணனும் நெஞ்சுவலியில் போனார். செத்தவருக்குப் பிடித்ததைப் பெட்டியில் வைத்தனுப்புவது எங்கள் வழக்கம். சிகரெட், மூக்குக்கண்ணாடி, ஒருவருக்கு நாலு நம்பர் லாட்டரிச் சீட்டுகூட வைத்தோம். அண்ணன் பெண்சாதி செல்லமாக்கா அவசரப்படவில்லை. முதலில் கணினியில் தட்டிப் பார்த்தார். பென்டிரைவ் சொருகியபடியே இருந்ததால் பையன் வந்தான், எழவு வீட்டில் பாடினான். கணினிக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறான் என்று நம்பி, பென்டிரைவைப் பிடுங்கி அண்ணன் சட்டைப் பையில் வைத்தார். தோட்டத்துச் சுடுகாட்டில் புதைத்துவிட்டு வந்தோம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அக்கா மறுபடி தட்டினார். பையன் வரவில்லை. இன்ஜினியரைக் கூப்பிட்டார்கள். வழக்கம்போல அணைத்துப் போட்டேன். பிறகுதான் ஐகன் மூலையில் அந்தக் குட்டி அம்புக்குறி கண்ணில் பட்டது.

"அக்கா, இது வெறும் கைகாட்டிப் பலகைக்கா. வீடியோ அண்ணன் சட்டப் பையோட போயிருச்சி."

அக்காவின் தம்பி மண்வெட்டியைத் தூக்கிவிட்டான். நானும் செருப்பை மாட்டினேன். அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"வேணாம் தம்பி. ஏங்கி ஏங்கியே செத்தாரு. புள்ள அவருகிட்டயே இருக்கட்டும்."

எழவு வீட்டிலும் ஆளைச் சிரிக்கவைப்பவன் நான். அன்றைக்கு மாட்டின செருப்பைக் கழற்றிப் போட்டேன்.

அதற்குப் பிறகும் அக்கா தினமும் தட்டுவாராம். ஷார்ட்கட்டை அழித்துவிடவா என்று திரை கேட்கும். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் எதை அமுக்கினால் அது அழியாது என்று கற்றுக்கொண்டார்.

இப்போது அக்காவும் இல்லை. கணினி என்னிடம் வந்தது. தோட்டத்தை விற்றாயிற்று. சுடுகாடு இருந்த மேட்டில் மாடி வீடுகள், ஒரு கார் கழுவும் கடை.

மகள் இரண்டு தட்டு தட்டினாள். அழித்துவிடவா என்று திரை கேட்டது. அவள் கையிலிருந்து மௌஸை வாங்கி, வேண்டாம் என்பதை அமுக்கினேன்.